குளிர் கேட்கும் பூ

டொராண்டோவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் செப்டம்பர் பிற்பாதியில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். கோடை முழுக்கப் பின்முற்றத்தில் வெயில் காய்ந்த கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் வந்து ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளும். இரவின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் அந்தச் செடியை வெளியே விடக் கூடாது என்பது இங்குள்ள எல்லோருக்கும் அத்துப்படி. அதே வாரங்களில்தான் பியோனியின் வேர்க்கிழங்கை வெளியே மண்ணில் வைக்க வேண்டும். ஒன்றைக் குளிரிடமிருந்து காப்பாற்றுகிறோம். மற்றொன்றைக் குளிரிடம் ஒப்படைக்கிறோம்.

இந்த இரண்டாவது வேலை நம் கைக்குப் பழக்கமில்லாதது. வெப்ப மண்ணில் தோட்டம் போட்டவர்களின் அறிவு வேறு: கன்றை நன்றாக ஆழத்தில் இறக்கு, அடியில் எரு போடு, மேலே மூடாக்கு பரப்பு, தினமும் தண்ணீர் ஊற்று. வாழைக்கும் முருங்கைக்கும் கத்தரிக்கும் பலன் தந்த அக்கறை அது. பியோனி பூக்காமல் போவதற்கான காரணங்களைத் தேடினால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் வைக்கக்கூடிய பூச்செடிகளில் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு நீண்ட பலன் தருவது வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். சரியாக நட்ட பியோனி 50 ஆண்டுகளுக்கு மேலும் ஒரே இடத்தில் நின்று பூக்கும். ஆனால் அந்த 50 ஆண்டுகளின் விதி, நடுகிற அந்த ஒரு நாளில் முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அந்த நாளில் மண்ணுக்குள் என்ன வைக்கிறோம், அது அங்கே என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துகொண்டு மண்வெட்டியை எடுப்பது நல்லது.

பியோனி தனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் இருப்பது ஒரே பேரினம்தான். அதில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட சிற்றினங்கள். முன்பு தாவரவியலாளர்கள் பூவின் தோற்றத்தை வைத்து வேறொரு குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்தபின், நம் ஊர் ரணகள்ளி இருக்கிற அதே வரிசைக்குள் இதற்கு இடம் கிடைத்தது. சீனா, சைபீரியா, மத்தியதரைக்கடல் நாடுகள், வட அமெரிக்காவின் மேற்குக் கரை என்று வட பாதி உலகின் குளிர்ப் பகுதிகளில் இவை காட்டுச் செடிகளாக வளர்கின்றன. இந்தியாவிலும் ஒன்று உண்டு. காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் மலைச்சரிவுகளில் வெள்ளைப் பூ பூக்கும் இமயமலைப் பியோனி. அதன் வேர் யுனானி மருத்துவத்தில் ‘ஊத் சலீப்’ என்ற பெயரில் வழங்குகிறது. இங்கே நர்சரிகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை, சீனாவையும் சைபீரியாவையும் தாயகமாகக் கொண்ட ‘லாக்டிஃப்ளோரா’ என்ற சிற்றினத்தின் வழிவந்த புதர்ப் பியோனிகள். குளிர்காலத்தில் தரைக்கு மேலே ஒன்றும் மிச்சமில்லாமல் கருகி, வசந்தத்தில் திரும்ப எழுபவை இவை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

செப்டம்பரில் நர்சரியிலிருந்து வரும் பியோனி, பார்க்க ஆசை எழுப்பும் பொருள் அல்ல. மண் உதறிய, தடித்த, பழுப்பு நிற வேர்கள். மரவள்ளிக்கிழங்கைச் சிறிதாக்கிக் கொத்தாகக் கட்டியது போல இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெண்மை, மாவுச்சத்து. அந்த வேர்கள் கூடும் தலைப்பகுதியை மெல்லத் துடைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்து, சுண்டுவிரல் நுனியளவில், கூராக மூடிய முளைகள் தெரியும். உருளைக்கிழங்கில் சொல்வதைப் போலவே இவற்றையும் கண் என்கிறோம். வாங்கும் வேரில் மூன்று முதல் ஐந்து கண்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணும் அடுத்த ஆண்டின் ஒரு முழுத் தண்டு. செதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அடுத்த வசந்தத்தில் விரியப்போகும் இலைகள் மடிந்து ஒடுங்கிய நிலையில் உள்ளேயே இருப்பது தெரியும். பூவின் தொடக்கமும் இலையுதிர்காலத்தில் அங்கேதான் உருவாகிறது.

இனி குளிரின் பங்கு. அக்டோபரில் இங்கே வெயில் திடீரென்று திரும்பி வந்து நான்கைந்து நாட்கள் கோடைபோல் காய்வதுண்டு. மண்ணிலும் ஈரமும் சூடும் இருக்கும். அப்போதும் பியோனியின் கண் முளைக்காது. வளர்ச்சியைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதற்குள் நிறைந்திருக்கிறது. வெளியே என்ன பருவம் நடந்தாலும் அது எழாது. இந்தத் தடை இல்லாவிட்டால் அக்டோபர் வெயிலை நம்பி எழுந்த முளை நவம்பர் உறைபனியில் செத்துப்போகும். குளிர்நாட்டுச் செடிகள் பலவும் இந்த ஆபத்தை ஒரே வழியில்தான் தீர்த்திருக்கின்றன. எத்தனை நாள் குளிர் கழிந்தது என்று செடியே கணக்கு வைத்துக்கொள்கிறது. பியோனிக்கு 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிர் பல வாரங்கள் தேவை. வகையைப் பொறுத்துச் சுமார் நான்கு வாரம் முதல் எட்டு வாரம்வரை. நான்கு வாரக் குளிரில் முளை எழும். பூ நிறைய வர வேண்டுமென்றால் இன்னும் கூடுதலான குளிர் வேண்டும்.

குளிர் சேரச் சேர அப்சிசிக் அமிலம் குறைகிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பெரலின் கூடுகிறது. வேரில் கட்டியாகக் கிடந்த மாவுச்சத்து கரைந்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை, செல்லுக்குள் இருக்கும் நீரை எளிதில் உறையவிடாமல் காக்கிறது; வசந்தத்தில் முளை எழும்போது எரிபொருளும் அதுவே. பிர்ச், பாப்லர் போன்ற மரங்களின் மொட்டுகளில் இன்னொரு மாற்றத்தையும் விரிவாகக் கண்டிருக்கிறார்கள். உறக்கத்தில் அவற்றின் செல்களுக்கு இடையிலான நுண்வழிகளைக் காலோஸ் என்ற பொருள் அடைத்து வைத்திருக்கிறது. நீண்ட குளிரில் அந்த அடைப்பு கரைந்து, செல்கள் மறுபடி தங்களுக்குள் செய்தி பரிமாறத் தொடங்குகின்றன.

குளிர் என்றாலே மைனஸ் 20 என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் ஈரமான குளிர்தான் இந்தக் கணக்கில் மிகுதியாகச் சேர்கிறது. அதனால் டொராண்டோவில் கிறிஸ்துமஸ் வருவதற்குள்ளேயே பியோனியின் குளிர்த் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும். அதற்குப் பிறகும் ஏப்ரல்வரை அது தரைக்கு மேலே தலை காட்டாததற்குக் காரணம் வேறு: மண் உறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். முதல் உறக்கம் செடிக்குள் இருந்து வருவது. இரண்டாவது வெளியிலிருந்து திணிக்கப்படுவது. போதிய குளிர் பெற்ற தொட்டியை ஜனவரியில் எடுத்துக் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால் அது உடனே வளரத் தொடங்கிவிடும். இதையே தொழிலாகச் செய்கிறார்கள். இஸ்ரேலின் மலைப்பகுதி விவசாயிகள், குளிர்க் கணக்கு முடிந்ததும் வயலைப் பிளாஸ்டிக் கூடாரத்தால் மூடி, ஜிப்பெரலின் கரைசலையும் ஊற்றி, ஐரோப்பாவில் யாரிடமும் பியோனி இல்லாத நேரத்தில் பூவை அறுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். மறுமுனையில் அலாஸ்கா. அங்கே வசந்தம் தாமதமாக வருவதால், உலகச் சந்தையில் பியோனி தீர்ந்துபோன ஜூலை, ஆகஸ்டில் பூக்கிறது. அலாஸ்கா பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் பாட்ரிசியா ஹாலோவே 2000களின் தொடக்கத்தில் செய்த சோதனை நடவுகளிலிருந்துதான் அந்த மாநிலத்தின் பியோனிப் பண்ணைகள் கிளைத்தன.

சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பியோனி வளர்க்க முடியாததற்கும் இந்தக் குளிர்க் கணக்கே காரணம். அங்கே ஆப்பிள் ஏன் காய்ப்பதில்லையோ, அதே காரணம். அங்குள்ளவர்கள் கேட்டால் இணையத்தில் விற்கும் ‘பியோனி விதை’களை வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். செடியின் குறை அதில் எதுவும் இல்லை. கணக்கில் சேரக் குளிர் அங்கே வருவதில்லை.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம், நடும் ஆழம். புதர்ப் பியோனியின் கண்கள் மண்மட்டத்துக்குக் கீழே 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. குளிர் குறைவான ஊர்களில் 1 அங்குலமே போதும். நான்கு அங்குலத்தில் வைத்தால் செடி சாகாது. ஆண்டுதோறும் இலை விட்டு, பச்சைப் பசேலென்று ஆரோக்கியமாக நிற்கும். பூ மட்டும் வராது. இப்படிப் பல ஆண்டுகள் பூக்காமல் நிற்கும் பியோனிகள் ஏராளம். ஆழம் கூடும்போது கண்ணுக்குக் கிடைக்கும் குளிர் குறைகிறது, மேலே வரச் செலவழிக்க வேண்டிய சேமிப்பு கூடுகிறது, வசந்தத்தின் இளஞ்சூடு வந்து சேரவும் தாமதமாகிறது. எல்லாம் சேர்ந்து, இலைக்குத் தேவையானது கிடைத்துப் பூவுக்குத் தேவையானது கிடைக்காமல் போகிறது.

ஆகவே கண்மதிப்பில் விடாதீர்கள். குழியின் குறுக்கே ஒரு நேரான பலகையையோ மண்வெட்டிக் காம்பையோ வையுங்கள். அதன் அடிப்பக்கத்திலிருந்து கண்ணின் நுனிவரை அளவுகோலால் அளந்து பாருங்கள். 2 அங்குலம் இருக்கிறதா? இருந்தால் மண்ணை நிரப்பலாம். ஒரு எச்சரிக்கை: தோண்டிய மண் தண்ணீர் ஊற்றியதும் அமுங்கும், கூடவே வேரும் கீழே இறங்கும். அதனால் வேரை வைக்கும் முன்பே குழியின் அடிமண்ணைக் கையால் நன்றாக அழுத்தி, தண்ணீர் விட்டு அமரவைத்து, அதன் மேல் சிறு மேடு கட்டி வேரை உட்கார வைக்க வேண்டும். நர்சரித் தொட்டியில் வளர்ந்த செடியாக இருந்தால், தொட்டியில் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை நம்பாமல் மேல்மண்ணை விரலால் விலக்கிக் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு நடுங்கள்.

குழி 18 அங்குல அகலமும் ஏறக்குறைய அதே ஆழமும் இருக்கட்டும். புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, களிமண் மேல் மெல்லிய புல்விரிப்பை மட்டும் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே குழியில் வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடம் உதவாது. ஒரு அடி உயரத்துக்குப் பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். பியோனியின் தடித்த வேர் தேங்கிய நீரில் அழுகிவிடும், குறிப்பாகப் பனி உருகும் மார்ச்சில். மக்கிய உரம் அடிமண்ணில் கலந்தால் போதும். பச்சை மாட்டெரு, கோழியெரு இரண்டும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்கும், தண்டு தொய்யும், பூஞ்சை சுலபமாக ஏறும். ஒரு கைப்பிடி எலும்புத்தூள் போடலாம். மண்ணின் அமில-கார அளவு 6.5க்கும் 7க்கும் இடையில் இருப்பது பியோனிக்குப் பிடிக்கும்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். மேப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நிழலை விடவும் அதன் வேர்ப்போட்டி கொடியது. செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். வெறும் வேரைப் பார்க்கும்போது இந்த இடைவெளி வீணாகத் தோன்றும். ஐந்தாம் ஆண்டில் இலைகளுக்கிடையே காற்று ஓடுவதற்கு இதுதான் வழிவிடும்.

முதல் குளிர்காலத்துக்கு மட்டும் மூடாக்கு. அதன் நோக்கம் செடிக்குச் சூடு கொடுப்பதல்ல. குளிர்காலத்தில் மண் உறைந்து இளகி உறைந்து இளகி விரிவதும் சுருங்குவதுமாக இருக்கும்போது, இன்னும் பிடிப்பு ஏற்படாத புது வேர் மேலே தள்ளப்பட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் மண் உறைந்த பிறகு வைக்கோலோ சருகோ பரப்புகிறோம். மார்ச் கடைசியில் அதை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். ஆண்டுதோறும் மரத்தூளும் பட்டையும் மேலே மேலே கொட்டிக்கொண்டு போனால், 2 அங்குல ஆழத்தில் நட்ட கண் சில ஆண்டுகளில் 5 அங்குல ஆழத்துக்குப் போய்விடும். அழகுக்காக மரப்பட்டை பரப்பும் தோட்டங்களில் நடுத்தண்டைச் சுற்றி ஒரு வட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

முதல் ஆண்டு இரண்டு மூன்று தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு வரும். இரண்டாம் ஆண்டு கொஞ்சம் கூடும். மூன்றாம் ஆண்டில்தான் பியோனியை அதன் உருவத்தில் பார்க்க முடியும். அந்த இரண்டு ஆண்டுகளும் செடி தன் வருமானத்தை வேரில் போட்டுக்கொண்டிருக்கிறது. முதல் ஆண்டு வரும் மொட்டைக் கிள்ளிவிடுவது நல்லது; மனம் கேட்காதவர்கள் ஒன்றை விட்டுவைக்கலாம்.

ஏப்ரல் இறுதியில் முளை எழுவதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பு நிறத்தில், ஈரப் பளபளப்போடு, குவித்த கைவிரல்களைப் போல மண்ணைப் பிளந்துகொண்டு வரும். லேசான உறைபனியை அது பொருட்படுத்தாது. நான்கைந்து வாரத்தில் இடுப்பளவு வளர்ந்து, நுனியில் பளிங்குக் குண்டளவில் மொட்டு திரளும். அப்போது எறும்பு வரும். மொட்டைத் தாங்கிப் பிடித்திருக்கும் பச்சைப் புல்லி இதழ்களின் ஓரத்தில் தேன்துளி கசிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். பூவுக்கு உள்ளே அல்லாமல் வெளியே சுரக்கும் தேன் இது. சர்க்கரைகளும் கொஞ்சம் அமினோ அமிலங்களும் உண்டு. எறும்பு அரித்துக் கொடுத்தால்தான் பியோனி மலரும் என்று இங்கே ஒரு நம்பிக்கை தலைமுறையாக நிலவுகிறது. எறும்பே இல்லாவிட்டாலும் பூ மலரும். தேன் தின்ன வந்த எறும்பு தன் உணவிடத்தைக் காவல் காப்பதால், மொட்டைக் கடித்துத் தின்ன வரும் வேறு பூச்சிகள் விலகுகின்றன. தேன் கூலி, காவல் வேலை. மருந்து அடிக்க ஒரு தேவையும் இல்லை. பறித்த பூவை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் தலைகீழாகப் பிடித்து உதறினால் போதும்.

பூவின் கட்டமைப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். காட்டுப் பியோனிக்கு ஐந்து முதல் பத்து இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தத்தாள்களின் பெருங்கூட்டம். தோட்டத்து அடுக்குப் பியோனியில் நூற்றுக்கும் மேல் இதழ் இருப்பதெப்படி? உதிரும் தறுவாயில் இருக்கும் ஒரு அடுக்குப் பூவை எடுத்து வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு இதழாகக் கழற்றிப் பாருங்கள். நடுவை நெருங்கும்போது சில இதழ்களின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு தென்படும். இன்னும் உள்ளே பாதி இதழ், பாதி மகரந்தப்பையாக இருக்கும் உறுப்புகளும் கிடைக்கும். மகரந்தத்தாளாக வேண்டியது இதழாக மாறிய கதை அங்கே நடுவழியில் நின்றிருக்கிறது. பூவின் ஒவ்வொரு வட்டத்திலும் எந்த உறுப்பு வர வேண்டும் என்பதைச் சில மரபணுக் கூட்டங்கள் தீர்மானிக்கின்றன. மகரந்தத்தாளுக்கு உத்தரவிடும் மரபணுவின் வேலை தளர்ந்தால் அந்த இடத்தில் இதழ் வளர்கிறது. பல நூற்றாண்டுகளாகச் சீனத் தோட்டக்காரர்களும், பிறகு பிரெஞ்சுக்காரர்களும் இந்தத் தளர்ச்சியைத்தான் தேடித் தேடிப் பெருக்கினார்கள். இதன் விலை: மகரந்தம் குறைந்த முழு அடுக்குப் பூவில் தேனீக்கு வேலை இல்லை, மழை நீரைக் குடித்து அதன் தலை மண்ணைத் தொடும். மே மாதத் தொடக்கத்திலேயே செடியைச் சுற்றிக் கம்பி வளையம் வைத்துவிட வேண்டும். இலை அடர்ந்த பிறகு வைக்கப் போனால் தண்டு முறியும். ஒற்றையடுக்குப் பூக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் விருப்பம் அவற்றின் பக்கமே. இதழ்களுக்கு நடுவே தேனீ உருண்டு புரள்வதைப் பார்க்க முடியும்.

வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ‘ஃபெஸ்டிவா மாக்ஸிமா’ 1851இல் வந்தது: வெள்ளையில் ஆங்காங்கே ரத்தத்துளி தெறித்தாற்போன்ற சிவப்பு. ‘சாரா பெர்னார்ட்’ பிரெஞ்சு நாடக நடிகையின் பெயர் கொண்ட இளஞ்சிவப்பு. பூக்கடைகளில் இன்றும் அதிகம் விற்பது. ‘கோரல் சார்ம்’ பவள நிறத்தில் விரிந்து, நாளுக்கு நாள் வெளுத்து, உதிரும்போது வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே புதரில் மூன்று நாள் பூக்கள் மூன்று நிறத்தில் இருக்கும். ஒரு செடி பூத்திருப்பது பத்து நாளுக்குள்தான். முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று கலந்து வைத்தால் மே கடைசியிலிருந்து ஜூன் கடைசிவரை பூ இருக்கும். வாங்கும் முன் நேரில் பார்க்க விரும்புபவர்கள் ஜூனில் ஓஷாவா பள்ளத்தாக்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 300க்கும் மேற்பட்ட வகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன; நகராட்சி அப்போது பியோனி விழாவும் நடத்துகிறது.

பூக்காத செடி இருந்தால் அதன் அருகே உட்கார்ந்து முதலில் ஒன்றைக் கவனியுங்கள். மொட்டே வரவில்லையா, வந்து நின்றுவிட்டதா? மொட்டே இல்லையென்றால் ஆழம், நிழல், இளமை, தழைச்சத்து மிகுதி, அல்லது சென்ற ஆண்டு இலையைச் சீக்கிரம் வெட்டிவிட்டது ஆகியவற்றில் ஒன்று காரணம். விரலால் மண்ணைத் துழாவி ஆழத்தைப் பார்த்துவிடலாம். மொட்டு பட்டாணியளவுக்கு வந்து அங்கேயே காய்ந்து நின்றால் கதை வேறு. பிந்திய உறைபனி, மே மாத வறட்சி, அல்லது பூஞ்சை.

பூஞ்சைகளில் முக்கியமானது போட்ரைடிஸ், சாம்பல் பூசணம். மொட்டு கறுத்துச் சுருங்கும். தண்டு அடியில் அழுகித் திடீரென்று சாயும். ஈரமான காலையில் பார்த்தால் அதன் மேல் சாம்பல் நிறத் துகள்கள் தெரியும். குளிரும் ஈரமும் சேர்ந்த வசந்தம் அதற்கு உகந்தது. வெட்டி எடுத்துக் குப்பைப் பையில் கட்டுங்கள். மக்குக் குழியில் போடாதீர்கள். தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல் அடியில் விடுங்கள். இந்தப் பூஞ்சை செத்த தண்டுகளிலும் இலைச் சருகிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பதால், இலை உறைபனியில் கருகியதும் தண்டுகளைத் தரைமட்டத்துக்கு வெட்டிச் சுத்தம் செய்வதே சிறந்த மருந்து. ஆனால் அதற்கு முன்னால் வெட்டக் கூடாது. பூ முடிந்ததும் அசிங்கமாக இருக்கிறதென்று ஜூலையில் இலையைக் கத்தரிப்பவர்கள், அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைத்தான் கத்தரிக்கிறார்கள்.

மேலே சொன்ன ஆழக் கணக்கு மரப் பியோனிக்குப் பொருந்தாது. ‘முதான்’ என்று சீனர்கள் கொண்டாடும் இது, குளிர்காலத்திலும் மரத்தண்டோடு நிற்கும் குறுஞ்செடி. லுவோயாங் நகரம் இதற்குப் பேர்போனது. ஓவ்யாங் ஷியூ என்ற அறிஞர் 11ஆம் நூற்றாண்டிலேயே அந்த நகரத்துப் பியோனிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்தார். பேரரசி வூ சட்டியான் நடுக்குளிரில் எல்லாப் பூக்களையும் மலரச் சொன்னபோது இது மட்டும் மறுத்து லுவோயாங்குக்கு நாடுகடத்தப்பட்டது என்பது அங்கே வழங்கும் கதை. மரப் பியோனியைப் பெரும்பாலும் புதர்ப் பியோனி வேரில் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். அந்த ஒட்டு, மண்ணுக்குள் 4 முதல் 6 அங்குலம் போக வேண்டும். மேல்தண்டு தன் சொந்த வேரை விடுவதற்காக. இலையுதிர்காலத்தில் அதைத் தரைக்கு வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்டியதாகும்.

இரண்டையும் கலக்க முடியாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஜப்பானியர் தோயிச்சி இத்தோ, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1948இல் மரப் பியோனியின் மகரந்தத்தைப் புதர்ப் பியோனியில் சேர்த்து விதை எடுத்தார். முளைத்த கன்றுகள் பூப்பதற்கு முன் 1956இல் அவர் இறந்துபோனார். அவர் பெயரால் இன்று இத்தோ பியோனி என்று வழங்கும் அவை, மரப் பியோனியின் மஞ்சள் பூவையும், புதர் போலக் குளிரில் மடிந்து எழும் குணத்தையும் சேர்த்துப் பெற்றவை. விலை கூடுதல்தான். தண்டு உறுதியானது, மழையில் சாயாது, நோயும் குறைவு. ஒரே ஒரு பியோனிக்குத்தான் இடம் இருக்கிறது என்பவர்களுக்கு ‘பார்ட்செல்லா’ என்ற மஞ்சள் இத்தோவைத்தான் நான் சொல்வேன்.

பூ பறிக்க ஒரு பதம் உண்டு. நிறம் தெரிந்து, விரலால் அழுத்தினால் உள்ளே மெத்தென்று அமுங்கும் மொட்டாக இருக்கும்போதே, காலையில், கீழே இரண்டு மூன்று இலைகளை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். செய்தித்தாளில் சுற்றி, தண்ணீரில்லாமல், குளிர்பெட்டியில் படுக்கவைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஆப்பிளும் வாழைப்பழமும் அதே பெட்டியில் வேண்டாம். அவை வெளியிடும் எத்திலீன் வாயு பூவைக் கெடுக்கும். வெளியே எடுத்துத் தண்டின் நுனியைப் புதிதாக நறுக்கி வெதுவெதுப்பான நீரில் வைத்தால் ஓரிரு நாளில் விரியும்.

பியோனியை இடம் மாற்றக் கூடாது என்று சொல்வார்கள். மாற்றலாம், செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மட்டும். பழைய பெரும் புதரை அப்படியே பெயர்த்து இன்னொரு குழியில் வைக்கும்போதுதான் அது ஆண்டுக்கணக்கில் சுணங்குகிறது. முதிர்ந்த வேர்க்கட்டு புது வேர் விட அவசரப்படுவதில்லை. தண்டுகளை வெட்டிவிட்டு, சுற்றிலும் அகலமாகத் தோண்டி எடுத்து, மண்ணை நீரால் கழுவி, அரைநாள் நிழலில் வாடவிடுங்கள்; வேர் சற்றுத் துவண்டால் ஒடியாமல் பிரிக்க வரும். கூரிய கத்தியால் மூன்று முதல் ஐந்து கண்ணும் சில தடித்த வேர்களும் கொண்ட துண்டுகளாக வெட்டுங்கள். அழுகிய, பொந்து விழுந்த பகுதிகளைக் கழித்துவிடுங்கள். பழைய குழியிலேயே மறுபடி பியோனி வைக்காமல் புது இடம் பார்ப்பது நல்லது. ஒரு பத்தாண்டுப் புதரிலிருந்து ஐந்தாறு செடிகள் கிடைக்கும். அத்தனையும் தாயின் அச்சு. 1851இன் ‘ஃபெஸ்டிவா மாக்ஸிமா’ இப்படி வெட்டி வெட்டித்தான் இன்றைய தோட்டங்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. மிஞ்சும் துண்டுகளை அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் கொடுக்கும்போது, ஒரு சீட்டில் வகையின் பெயரையும் ‘கண் மேலே, 2 அங்குலம்’ என்பதையும் எழுதிக் கட்டிக் கொடுங்கள்.